பதினாறாவது குழி

திருப்பதி,
27 ஜனவரி 2025

அன்புள்ள பெரிய நைனாவுக்கு,

ரக்ஷிதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், நைனா, அம்மா மூவரும் சுகம். உங்கள் கால் வலி தேவலையா? பெரியம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியதா?

போன் போட்டால் இரண்டு முறை 'ஆங், ஆங்' என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கை மாற்ற முடியாது. உங்கள் ஊர் போஸ்டாபீஸ் பிரேமலதா அக்காவிடம் பேசிவிட்டேன். அவர் படித்துக் காட்டுவார். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியும் தருவார்.

கார்டு வந்துவிட்டது பெரிய நைனா. இந்த வருஷம் முழுக்கப் பெண்கள் கோல்ஃப் டூரில் நான் ஆடலாம். பெங்களூர் தகுதிப் போட்டியில் இருபது பேருக்குத்தான் கார்டு. நான் இருபதாவது. நம் சித்தூர் ஸ்வர்ணலதா ஒரே ஒரு அடி கூடிப்போய் இருபத்தொன்றாவதில் நின்றுவிட்டாள். ஆனால் நான் ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்குள் நீங்கள் என் மட்டைப் பையைச் சுவரில் சாத்திவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். அப்படி என்ன அவசரம்? கேட்டால் கால் வலி என்கிறீர்கள். அடுத்த மாதம் ஹைதராபாத்தில் முதல் டூர்னமென்ட். என் பையை யார் தூக்குவது?

இன்னொன்று. கடைசி நாள் பதினாறாவது குழியில் யூகலிப்டஸ் மரங்களுக்குள் போன பந்தை நான் வெளியே அடித்தேனே, அதைப் பற்றித்தான் நான் பழகும் ரேணிகுண்டா கம்பெனி மைதானத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த அடி இல்லையென்றால் கார்டு இல்லை. கை அடித்துவிட்டது, எப்படி என்று எனக்கே நினைவில்லை. பந்து எப்படிக் கிடந்தது, நான் எந்த ஐயன் மட்டையை எடுத்தேன், எங்கே நின்றேன்? உங்கள் தலையில் எல்லாம் இருக்கும். அன்றைய ஆட்டத்தை முதல் குழியிலிருந்து சொல்லி அனுப்புங்கள்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.
ரக்ஷிதா


புத்தூர் பக்கம், நம் ஊர்,
9 பிப்ரவரி

சிரஞ்சீவி ரக்ஷிதாவுக்குப் பெரிய நைனா முனிகிருஷ்ணன் ஆசீர்வாதம்.

நாங்கள் இருவரும் இருக்கிறோம். உன் பெரியம்மா வெங்கடம்மா மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாள். என் கால் அப்படியேதான் இருக்கிறது. வலது கால். இதைப் பிரேமலதா எழுதுகிறாள். நான் பேசுவது போல் எழுது என்றேன். அவள் இலக்கணமாக எழுதுவேன் என்கிறாள். பாதிப் பாதி.

நீ கேட்டதைச் சொல்கிறேன். முதல் குழியில் நாலு அடி. பனி இருந்தது, பந்து உருண்ட தடம் புல்லில் கோடாகத் தெரிந்தது. இரண்டில் ஐந்து, குழிக்குள் உருட்டும் பட்டிங்கை அவசரப்படுத்தினாய். மூன்றில் மூன்று, நாலில் ஐந்து, ஐந்திலும் ஆறிலும் நாலு நாலு. ஏழில் ஒரு செவலை நாய் உன் பந்தை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போனது, அங்கே ஐந்து. எட்டில் மூன்று. ஒன்பதில் நாலு, அதில் கடைசி அடி குழியின் விளிம்பில் நின்று யோசித்துவிட்டுத்தான் விழுந்தது.

பத்தில் நாலு. பதினொன்றில் மணலில் விழுந்து நாலு. பன்னிரண்டில் ஐந்து. பதிமூன்று, பதினாலு இரண்டிலும் நாலு. பதினைந்தில் மூன்று, அந்த அடிக்கு ஸ்வர்ணலதா கூடக் கை தட்டினாள். பதினேழில் மூன்று. பதினெட்டில் ஐந்து, குழிக்கு ஆறு அடி தூரத்தில் நீ ஒரு பெருமூச்சு விட்டாய், அது எனக்குக் கேட்டது.

பை தூக்க வேறு ஆள் பார்த்துக்கொள். சென்னையில் நாற்பது வருஷம் தூக்கியாயிற்று. போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் நைனா மோகன்ராஜையும் அம்மா நளினியையும் விசாரித்ததாகச் சொல்.
இப்படிக்கு,
முனிகிருஷ்ணன் (கைநாட்டு)


ஹைதராபாத்,
24 பிப்ரவரி

அன்புள்ள பெரிய நைனா,

இங்கே வெயில் இப்போதே ஏறிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீங்கள் சுகமா? காலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா?

இரண்டே நாளில் வெளியே வந்துவிட்டேன். மூன்று அடி கூடிப்போய் மூன்றாம் நாள் ஆட்டம் போச்சு. முதல் நாள் பந்து மரத்தடிக்குப் போனது. வேரை ஒட்டிய பள்ளம். பெங்களூரில் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்று அடித்தேன். ஐயன் வேரில் பட்டு மணிக்கட்டு வரைக்கும் அதிர்ந்தது, பந்து இரண்டடி கூட நகரவில்லை. என் பை தூக்கும் புதுக் கேடி கிஷோர் நல்லவர்தான், ஆனால் வாய் மூடுவதில்லை. "மட்டையால பக்கத்துல தள்ளிட்டு அடுத்த அடி அடிங்க மேடம், ஹீரோ வேலை வேணாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெங்களூரில் நான் செய்தேனே, இவருக்கென்ன தெரியும்?

உங்கள் கடிதத்தை ரயிலில் ஏழு முறையாவது படித்திருப்பேன். நாய் கூட வந்திருக்கிறது. ஆனால் பெரிய நைனா, பதினைந்துக்கு அடுத்துப் பதினேழு வருகிறது. கூட்டிப் பார்த்தேன், அறுபத்தொன்பது. நான் கையெழுத்துப் போட்டது எழுபத்து மூன்று. நான் கேட்ட ஒரே குழியை விட்டுவிட்டீர்கள். பிரேமலதா அக்கா எழுதும்போது தவறிப்போனதா?

சின்ன வயதில் நீங்கள் லீவுக்கு வரும்போது கீழே கிடக்கும் பந்தை வலது கால் இரண்டு விரலால் இடுக்கிக் குனியாமலே கைக்குத் தூக்குவீர்கள், நான் கை தட்டுவேன். இன்று ஓட்டல் அறையில் நானும் முயன்றேன். வரவில்லை.

ஷோலாப்பூர் போய்விட்டு அடுத்த மாதம் ஊருக்கு வருவேன்.
ரக்ஷிதா


12 மார்ச்

சிரஞ்சீவி ரக்ஷிதா, தீர்க்காயுசாக இரு.

எல்லோரும் சௌக்கியம். மா பூத்திருக்கிறது, இந்த வருஷம் பிஞ்சு நிற்கும் போலிருக்கிறது.

பதினாறு எனக்கு நினைவில்லை. வயசாகிவிட்டது. பந்து மரத்துக்குள் போனது, நீ அடித்தாய், வெளியே வந்தது. அதில் சொல்ல என்ன இருக்கிறது. கிஷோர் சொல்வதைக் கேள். வேர்ப் பள்ளத்தில் கிடந்தால் பக்கத்தில் தள்ளிக்கொள்வதுதான் சரி. மணிக்கட்டை உடைத்துக்கொள்ளாதே.

ஸ்வர்ணலதா இப்போது எங்கே ஆடுகிறாள்? விசாரித்து எழுது.
முனிகிருஷ்ணன்


திருப்பதி,
30 மார்ச்

பெரிய நைனாவுக்கு,

நலம் விசாரித்து நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பெரியம்மாவும் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்வர்ணலதா எங்கே ஆடுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள். அவள் ஆடவில்லை, பேசிக்கொண்டிருக்கிறாள். பதினாறாவது குழியில் நான் பந்தைத் தேடி வருவதற்கு முன்பே உங்கள் கால் அதை நகர்த்திவிட்டதாம். அவள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாளாம். "கெழவனார் ஒத்தக் கால்ல நின்னாரு, கொக்கு மாதிரி" என்று அவள் சொன்னதாக ரேணிகுண்டாவில் புல் வெட்டுகிற ஆள் வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பார்த்திருந்தால் அன்றைக்கே அதிகாரியிடம் சொல்லியிருக்கலாமே? கார்டு கிடைக்காத வயிற்றெரிச்சல், வேறென்ன.

நான் சும்மா இருக்கவில்லை. அவள் அப்பா ஜெகநாதனுக்குப் போன் போட்டேன். ஆர்.டி.சி.யில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமாகத்தான் பேசினார். "என் பொண்ணு பொய் சொல்ல மாட்டாம்மா. உங்க பெரியப்பாவும் சொல்ல மாட்டாருன்னு நீ சொல்ற. அப்ப யாரு தீக்கறது?" என்றார். காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் தீர்க்கட்டும் என்றேன். நீங்களும் நானும் குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சன்னதியில் நின்று சத்தியப் பிரமாணம் செய்கிறோம் என்றேன். அவர் சரி என்றுவிட்டார். ஏப்ரல் பதினெட்டு, வெள்ளிக்கிழமை.

நீங்கள் வந்து 'என் கையும் காலும் அந்தப் பந்தில் படவில்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும். பக்கத்தில் நின்று நானும் சொல்வேன். அங்கே பொய் சொன்னவன் விளங்கினதில்லை என்று சித்தூர் ஜில்லா முழுக்கத் தெரியும். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்தப் பேச்சைக் காதில் வைத்துக்கொண்டு என்னால் ஒரு பந்தை நேராக அடிக்க முடியவில்லை.

உங்களுக்குப் புத்தூரிலிருந்து நேர் பஸ் இருக்கிறது.
ரக்ஷிதா


8 ஏப்ரல்

சிரஞ்சீவி ரக்ஷிதாவுக்கு ஆசீர்வாதம். நீ எழுதியது கிடைத்தது. வீட்டில் சுகமே.

பதினெட்டாம் தேதி வர இயலாது. பங்காளி ரங்கையா காலமாகிவிட்டார். தீட்டு. பதினாறு நாள் கோயில் படி ஏறக்கூடாது.

நீயும் போகாதே. நான் பக்கத்தில் இல்லாமல் நீ பிரமாணம் செய்யக்கூடாது. நீ பார்க்காத ஒன்றுக்கு நீ எப்படிச் சத்தியம் செய்வாய்? இது மட்டும் என் பேச்சைக் கேள். பிரேமலதா, இந்த வரியின் கீழே கோடு போடு.

முனிகிருஷ்ணன்


திருப்பதி,
3 மே

பெரிய நைனாவுக்கு வணக்கம்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் மறுபடி கால் வலி என்று எழுதுவீர்கள். பெரியம்மாவிடம் போனில் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மெட்ராஸ்ல நாப்பது வருசம் நடந்த காலு, ஒரு நாளும் வலிக்கல. இப்ப துன்னுட்டு உக்காந்துக்கினு அந்தக் காலையே பாத்துக்கினு கீறாரு. இன்னாய்யான்னா எழுந்து வெளிய போயிட்றாரு."

ரங்கையா சின்ன நைனா இறந்தது போன வருஷம் ஆடியில் என்று அம்மா சொல்கிறாள். சாவுக்கு அவளே வந்திருந்தாளாம். ஊரில் எந்தக் கன்று எந்த வருஷம் பிறந்தது என்று சொல்பவர் நீங்கள். ஒரு சாவின் தேதி உங்களுக்கு எப்படித் தவறும்?

கோயம்புத்தூரில் ஏழாவதாக வந்தேன். பேப்பரில் பெயர் வந்தது. வேறு யாராக இருந்தாலும் ஆடிப் பாடியிருப்பார்கள். நான் பந்து மரத்துக்குப் பக்கம் போனாலே ஐயனை மூன்று முறை மாற்றுகிறேன். அந்த அடியை நான்கு இடத்தில் முயன்று பார்த்துவிட்டேன். ஒன்று கூட வரவில்லை. கம்பெனி மைதானத்தில் வேப்ப மரத்து வேருக்குள் பந்தை வைத்து முப்பது முறை அடித்தேன், வரவில்லை. நான் செய்ததைத்தானே நான் திரும்பச் செய்யப் பார்க்கிறேன்? பின் ஏன் வரவில்லை?

ஜெகநாதனிடம் ஜூன் ஆறு என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை தேதி மாறாது. நீங்கள் வந்தால் இரண்டு பேராகச் சொல்வோம். வராவிட்டால் நான் தனியாகச் சொல்வேன், உங்களுக்கும் சேர்த்து.

ரக்ஷிதா


19 மே

அன்பு ரக்ஷிதாவுக்கு,

உன் பெரியப்பா வீட்டில் இருவரும் நலம். இதை அவர் சொல்லி நான் எழுதவில்லை. நானாக எழுதுகிறேன். பிரேமலதா.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வேப்ப மரத்து வேர் வந்த இடத்தில் இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். பிறகு மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் முத்திரை குத்தும் மேஜை முன் உட்கார்ந்து, பென்ஷன் வாங்க வந்த கமலம்மாவிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போனார். நாலாம் நாள் கதவைச் சாத்தச் சொன்னார். அரைப் பக்கம் சொன்னார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கிழித்துவிடு என்றார். கிழித்தேன். துண்டுகளை எண்ணி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லக்கூடாது. அஞ்சல் வேலையில் இருக்கிறேன். கிழித்ததைச் சொல்லலாமா என்றும் தெரியவில்லை. அவசரப்பட்டு எங்கேயும் போய் எதையும் சொல்லிவிடாதே என்பதற்காக எழுதுகிறேன்.

பிரேமலதா


3 ஜூன்

சிரஞ்சீவி ரக்ஷிதாவுக்குப் பெரிய நைனா எழுதிக்கொள்வது.

எல்லோரும் இருக்கிறோம். இது ஆறாம் தேதிக்கு முன்னால் உன் கைக்கு வரவேண்டும் என்று பிரேமலதா ஸ்பீடு போஸ்டில் போடுகிறாள். போனில் சொல்லிப் பார்த்தேன். நீ 'சொல்லுங்க' என்றதும் போனை உன் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்ட பதினாறாவது குழி.

உன் முதல் அடி இடது பக்கம் வளைந்து மரத்துக்குள் போனது. காற்று இல்லை, நீ இடுப்பைச் சீக்கிரம் திருப்பிவிட்டாய். மூன்று வரிசை யூகலிப்டஸ். நீ கீழ்ப்பக்கம் தேடினாய், நான் மேல்பக்கம் தேடினேன். இரண்டாவது வரிசையில் ஐந்தாவது மரம், பட்டை உரிந்த மரம். அதன் வேர் இரண்டாகப் பிரிகிற கவட்டையில் பந்து உட்கார்ந்திருந்தது, முட்டை மாதிரி. அங்கிருந்து யாராலும் அடிக்க முடியாது. வேப்ப மரத்தடியில் முப்பது முறை அடித்தாயே, முந்நூறு முறை அடித்தாலும் வராது. ஏனென்றால் பெங்களூரில் நீ அங்கிருந்து அடிக்கவே இல்லை.

நான் அன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தேன். வலது கால் இரண்டு விரலால் பந்தை இடுக்கி ஒரு முழம் தள்ளிக் காய்ந்த இலை மேல் வைத்தேன். சென்னையில் கிளப் மெம்பர்களுக்கு நான் நாற்பது வருஷம் செய்த வேலை இது. பந்து நல்ல இடத்தில் கிடந்தால்தான் மறுநாளும் 'முனி வரட்டும்' என்பார்கள். அந்த மைதானத்தில் எல்லாக் கேடியும் செய்ததுதான். அதனால் மூளைக்குத் தெரிவதற்கு முன் கால் செய்துவிட்டது.

ஆனால் திருப்பி வைக்க மூளைக்கு நேரம் இருந்தது. நீ இருபது அடி தள்ளி வந்துகொண்டிருந்தாய். "கெடச்சுதா பெரிய நைனா?" என்றாய். நான், "இதோ, நல்லாத்தான் கீது" என்றேன். அதைச் சொன்னது கால் இல்லை.

நீ ஏழாம் நம்பர் ஐயனை எடுத்தாய். இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு கதவு அகலம். சுத்தமான அடி. அதை மட்டும் யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது, அது உன்னுடையதுதான். மூன்றாவது அடி குழிக்கு நாலடியில். நாலாவது உள்ளே.

கேடி பந்தை நகர்த்தி, ஆடுகிறவள் அந்தத் தப்பு இடத்திலிருந்தே அடித்தால் இரண்டு அடி கூடும். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நாலு இல்லை, ஆறு. எழுபத்து மூன்று இல்லை, எழுபத்தைந்து. நீ ஸ்வர்ணலதாவுக்கு ஒரு அடி பின்னால். நீ ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடியாமல்தான் பஸ் ஏறினேன்.

நேற்று காணிப்பாக்கம் போய் வந்தேன். ஜெகநாதனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், மகளோடு வந்திருந்தார். குளத்தில் முழுகிச் சன்னதியில் நின்று உனக்கு எழுதிய இதே வார்த்தையைச் சொன்னேன். உனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சத்தியம் செய்தேன். ஜெகநாதன் துண்டை எடுத்துக் கொடுத்தார். ஸ்வர்ணலதா புடவையில் இருந்தாள். சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராம், பிப்ரவரியிலேயே சேர்ந்துவிட்டாளாம்.

"அஞ்சு மாசமா நான் பொறாமைக்காரி பெரியவரே. இன்னிக்குத்தான் அது போச்சு" என்றாள். ரக்ஷிதா கார்டைத் திருப்பித் தருவாள் என்று வாய் விட்டேன். "எனக்கா? அதை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்? மட்டைங்கள ஒரு பையனுக்குக் குடுத்துட்டேன். பசங்களுக்கு கோ-கோ சொல்லித் தர்றேன்" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் வாயிலிருந்து உனக்கு வருவது எதுவும் இன்னொருத்தி கை வழியாகத்தான் வரவேண்டும். அதனால் சாமிக்கு, ஜெகநாதனுக்கு, பிரேமலதாவுக்குத் தெரிந்த பிறகு உனக்குத் தெரிகிறது. முதலில் தெரிய வேண்டியவள் நீ.

ஆறாம் தேதி போகாதே.
முனிகிருஷ்ணன்


14 ஜூலை

சிரஞ்சீவி ரக்ஷிதாவுக்கு ஆசீர்வாதம்.

இங்கே சுகம். மாங்காய் முடிந்தது. நீ ஆறாம் தேதி போகவில்லை என்று மோகன்ராஜ் சொன்னான். நீ ஊர் ஊராகப் போய் ஆடவும் இல்லை, வீட்டில் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று நளினி சொன்னாள்.

பதில் கேட்டு இதை எழுதவில்லை. அப்படி எழுதச் சொன்னதற்குப் பிரேமலதா, "அப்ப எதுக்குப் போடறீங்க?" என்கிறாள்.

முனிகிருஷ்ணன்


திருப்பதி,
26 அக்டோபர்

பெரிய நைனாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததை அம்மா சொன்னாள். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடுங்கள்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை இங்கிலீஷில் எழுதி டூர் ஆபீசுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. போட்டி முடிவதற்குள் உனக்குத் தெரியாத தப்பு அது, அதற்குப் பிறகு விதிப்படி எதுவும் செய்ய முடியாது, கார்டு உன்னுடையதே என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதைப் படித்து நைனா அழுதார். நைனாவுக்கு அது சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தக் காகிதம் கையில் நிற்கவில்லை. ஒரு வாரம் பீரோவில் வைத்தேன், புத்தகத்தில் வைத்தேன், எங்கே வைத்தாலும் அங்கிருந்து என்னைப் பார்த்தது. ஆகஸ்டில் கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஜனவரியில் மறுபடி தகுதிப் போட்டி. இருபது பேரில் ஒருத்தியாக வந்தால் வருகிறேன்.

சித்தூர் போய் ஸ்வர்ணலதாவைப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசலில் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தாள். வந்து, கார்டைத் திருப்பினதற்கு 'பைத்தியம்' என்றாள். அவளும் ஜனவரிக்கு வா என்று கேட்டேன். "எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாம்னு பாக்கற. மாசம் திரும்பாது ரக்ஷிதா" என்று சொல்லிவிட்டு மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள். அடுத்த மணி அடிக்கும் வரை வாசலிலேயே நின்றேன்.

இப்போது வேப்ப மரத்து வேரிலிருந்து பந்தைப் பக்கவாட்டில் தள்ளப் பழகிவிட்டேன். கணக்கில் ஒரு அடி போகும். போகட்டும். மரத்தைப் பார்த்து ஐயனை மாற்றுவது நின்றிருக்கிறது.

கிஷோருக்கு ஜனவரியில் கல்யாணம், வரமாட்டார். அதனால்தான் கேட்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு குழிக்கு ஒரு முறை வரும். வந்தால் திட்டுவேன். பதில் பேசாமல் நடக்க வேண்டும்.

தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாம் நம்பர். அளவு சரியில்லை என்றால் உடனே எழுதச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள்.

ரக்ஷிதா


9 நவம்பர்

சிரஞ்சீவி ரக்ஷிதாவுக்கு, நீ நன்றாக இருக்க வேண்டும்.

இங்கே வெங்கடம்மாவுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. என் முகத்தைப் பார்த்து, "இவ்ளோ கெழவனாவா இத்தினி நாள் இருந்தே?" என்றாள்.

பார்சல் வந்தது. ஷூவைப் பிரேமலதாதான் பிரித்தாள், கயிறு கட்டவும் அவள்தான் காட்டிக் கொடுத்தாள். எழுபத்திரண்டு வயதில் முதல் ஷூ. பென்ஷனுக்கு வந்த கமலம்மா, மாப்பிள்ளை எங்கே கிளம்பிவிட்டார் என்று கேட்டாள்.

ஜனவரிக்கு வருகிறேன். திட்டு. பந்து மரத்துக்குள் போனால் நான் வெளியே புல்லில் பையோடு நிற்பேன். நீயே போய்ப் பார், நீயே சொல்.

அளவு மாற்ற வேண்டாம். நேற்று போட்டுக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் நடந்து வந்தேன். வலது காலில் கொஞ்சம் இறுக்கம். உள்ளே அந்த இரண்டு விரலும் அசைய இடமில்லை. அப்படியே இருக்கட்டும்.

முனிகிருஷ்ணன் (கைநாட்டு)